பாலத்துக்குப் போகாத தந்தி: கியூபெக், 1907

1907 ஆகஸ்ட் 29, வியாழக்கிழமை. மதியம் பன்னிரண்டேகால் வாக்கில் நியூயார்க்கிலிருந்து பென்சில்வேனியாவில் உள்ள ஃபீனிக்ஸ்வில் என்ற ஊருக்கு ஒரு தந்தி போகிறது. விவரங்களை ஆராய்ந்து முடிக்கும்வரை பாலத்தில் மேற்கொண்டு பாரம் ஏற்ற வேண்டாம், மெக்லூர் என்ற இன்ஜினியர் ஐந்து மணிக்கு அங்கே வந்து சேருவார், அவ்வளவுதான் செய்தி. பாலம் இருந்ததோ கனடாவில், கியூபெக் நகரத்திலிருந்து பத்து கிலோமீட்டர் தள்ளி, செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் மேல். அங்கே தந்தி எதுவும் போகவில்லை. சாயங்காலம் ஐந்தரை தாண்டி, வேலை முடிந்து ஆட்கள் இறங்கவேண்டிய நேரத்தில், கட்டி முடித்திருந்த தென்பாதி முழுவதும், ஏறக்குறைய 19,000 டன் இரும்பு, பதினைந்து விநாடிக்குள் சரிந்து விழுந்தது. மேலே 86 பேர் இருந்தார்கள். 75 பேர் செத்தார்கள். இடிபாட்டில் சிக்கி உயிரோடு கிடந்த சிலர் ராத்திரி கடல் ஏற்றத்தில் ஆற்றுத் தண்ணீர் உயர்ந்தபோது மூழ்கிப் போனார்கள், கரையில் நின்றவர்களால் இரும்பை வெட்டி அவர்களை எடுக்க முடியவில்லை.

சிவில் படித்தவர்கள் பலருக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்கும். கல்லூரியில் இதை டிசைன் பிழைக்கு உதாரணமாகச் சொல்வார்கள், அது சரிதான், பிழை டிசைனில்தான் இருந்தது. ஆனால் அதை விசாரித்த அரச கமிஷன் 1908இல் கொடுத்த அறிக்கையில் இரண்டு முடிவுகள் பக்கத்தில் பக்கத்தில் வருகின்றன, அவற்றைச் சேர்த்துப் படிக்க வேண்டும். ஒன்று, ஆகஸ்ட் 27க்குப் பிறகு என்ன செய்திருந்தாலும் பாலத்தைக் காப்பாற்றியிருக்க முடியாது, முட்டுக் கொடுக்கப் போயிருந்தால்கூட அதற்குப் போனவர்களின் உயிர்தான் ஆபத்தில் மாட்டியிருக்கும். இரண்டு, பொறுப்பில் இருந்தவர்கள் கொஞ்சம் சரியாக யோசித்து முடிவெடுத்திருந்தால் உயிர்ச்சேதத்தைத் தவிர்த்திருக்கலாம். அதாவது இரும்பு எப்படியும் போயிருக்கும், ஆட்கள் போயிருக்க வேண்டியதில்லை. செவ்வாயிலிருந்து வியாழன் வரையான அந்த மூன்று நாளில் யார் யாரிடம் என்ன சொன்னார்கள், எந்த வழியில் சொன்னார்கள் என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறேன். சைட்டில் பாதுகாப்புப் பேச்சு என்றாலே ஹெல்மெட், பெல்ட், சத்தமாகப் பேசு என்று போய்விடுகிறோம். இந்தக் கதையில் எல்லாரும் படித்தவர்கள், எழுத்தில் போட்டவர்கள், அளந்து சொன்னவர்கள். அப்படியும் நடந்தது.

யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள்

பாலத்தின் சொந்தக்காரர் கியூபெக் பிரிட்ஜ் கம்பெனி. அதன் சீஃப் இன்ஜினியர் எட்வர்ட் ஹோர். 300 அடிக்கு மேல் ஸ்பான் (இரண்டு தூண்களுக்கு நடுவில் உள்ள தூரம்) உள்ள எந்தப் பாலத்திலும் வேலை பார்த்த அனுபவம் அவருக்கு இல்லை, இங்கே கட்டவேண்டியதோ 1,800 அடி. அன்றைய உலக சாதனை ஸ்காட்லாந்தின் ஃபோர்த் பாலம், அதுவே 1,710 அடிதான். ஹோருக்குத் தன் அளவு தெரியும், அதனால் தொழில்நுட்ப முடிவு எதையும் அவர் எடுக்கமாட்டார், மேலே கேட்டுச் சொல்வார்.

அந்த மேலே என்பது நியூயார்க்கில் இருந்த தியோடர் கூப்பர். அமெரிக்காவின் பெரிய பால நிபுணர்களில் ஒருவர், செயின்ட் லூயிஸ் ஈட்ஸ் பாலத்தில் வேலை பார்த்தவர். 1907இல் வயது 68, உடம்பு சரியில்லை. கடைசியாக அவர் இடத்துக்கு வந்தது 1903 மே மாதம், அப்போது இரும்பு வேலையே ஆரம்பமாகவில்லை. தான் எழுப்பச் சொன்ன பாலத்தை நின்றபடி ஒருதடவைகூட அவர் கண்ணால் பார்த்ததில்லை. 1903இல் கனடா அரசுத் தரப்பில், டிராயிங்குகளை இன்னொருவரும் சரிபார்க்கட்டும் என்று ஒரு யோசனை வந்தபோது, அது தன்னைக் கீழாளாக ஆக்கிவிடும் என்று மறுத்துவிட்டார். அரசும் பேசாமல் விட்டுவிட்டது.

இரும்பைச் செய்து கொண்டுவந்து பூட்டுவது ஃபீனிக்ஸ்வில்லில் இருந்த ஃபீனிக்ஸ் பிரிட்ஜ் கம்பெனி. அங்கே சீஃப் இன்ஜினியர் ஜான் டீன்ஸ், டிசைனர் பீட்டர் ஸ்லாப்கா. சைட்டில் அவர்களுடைய இன்ஜினியர் ஆர்தர் பர்க்ஸ், ஜெனரல் போர்மேன் பெஞ்சமின் யென்சர்.

கூப்பரின் கண்ணாக சைட்டில் இருந்தவர் நார்மன் மெக்லூர், 1904இல்தான் பிரின்ஸ்டனில் படித்து முடித்த பையன். நல்ல பையன், ஒழுங்காக அளப்பான், ஒழுங்காக எழுதுவான். நிறுத்து என்று சொல்லும் அதிகாரம் மட்டும் கிடையாது.

மூன்று அலுவலகம், மூன்று ஊர், இரண்டு நாடு. மேலே நின்று ரிவெட் அடித்தவர்களில் மாண்ட்ரியலுக்குப் பக்கத்தில் கஹ்னவாகே என்ற ஊரைச் சேர்ந்த மோஹாக் பழங்குடி ஆட்கள் நிறையப் பேர். உயரத்தில் இரும்பு வேலை செய்வதில் பெயர் எடுத்தவர்கள். செத்த 75 பேரில் 33 பேர் அந்த ஒரே ஊர்க்காரர்கள். இன்றைக்கும் அங்கே இரும்பு உத்திரத்தில் செய்த சிலுவைகள் நிற்கின்றன.

பிழை எப்படி உள்ளே வந்தது

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், நிறையப் பேர் எழுதியாகிவிட்டது. முதலில் 1,600 அடி ஸ்பான் என்று போட்டது, 1900இல் 1,800 ஆனது. ஆழமான தண்ணீரில் பியர் (தாங்கும் தூண்) கட்டும் சிரமமும் ஆற்றுப் பனிக்கட்டியின் தொல்லையும் குறையும் என்று காரணம் சொன்னார்கள். ஸ்பான் கூடியதும் பாலத்தின் சொந்த எடையைத் திரும்பக் கணக்குப் போட வேண்டும். போடவில்லை. பழைய எடையை வைத்தே கணக்கு ஓடியது. 1906இல் உண்மை எடை தெரிந்தபோது இரும்பில் பெரும்பகுதி செய்தாகிவிட்டது, ஒரு பகுதி நிமிர்த்தியும் ஆகிவிட்டது. உறுப்புகளில் அழுத்தம் நினைத்ததைவிட 7 முதல் 10 சதவீதம் அதிகம். பரவாயில்லை, தாங்கும் என்று கூப்பர் ஏற்றுக்கொண்டார். ஏற்கெனவே அவர் அனுமதித்திருந்த அழுத்த அளவு வழக்கத்தைவிட ரொம்ப அதிகம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

இங்கேயே ஒரு தகவல் தொடர்புச் சிக்கல் இருக்கிறது. எடை மாறிவிட்டது என்ற செய்தி கூப்பருக்கும் ஃபீனிக்ஸ்வில்லுக்கும் நடுவில் முடிந்துபோனது. சைட்டில் அளக்கிற மெக்லூரிடம், ‘தம்பி, இது கணக்கைவிட எடை கூடிய பாலம், கீழ் உத்திரங்களைக் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்’ என்று யாராவது சொல்லியிருந்தால், ஜூன் மாதத்தில் அவன் பார்த்த கால் இஞ்சுக்கு அப்போதே வேறு அர்த்தம் கிடைத்திருக்கும்.

கால் இஞ்சு, முக்கால் இஞ்சு, இரண்டேகால் இஞ்சு

பாலத்தின் கீழ் விளிம்பில் ஓடும் தடித்த உத்திரங்கள்தான் (நம்ம ஆட்கள் பாட்டம் கார்டு என்பார்கள்) முழு அழுத்தத்தையும் வாங்கிப் பியருக்குக் கொண்டுபோகிறவை. ஒவ்வொன்றும் நான்கு பெரிய பிளேட் சுவர்கள் பக்கம் பக்கமாக நிற்க, அவற்றைக் குறுக்கும் நெடுக்குமாக லேசிங் கம்பிகளால் ரிவெட் வைத்துக் கட்டியது. நான்கு சுவரும் ஒரே ஆளாக நின்று தாங்க வேண்டும் என்றால் லேசிங் பலமாக இருக்க வேண்டும். அதுதான் இங்கே பலவீனம்.

ஜூன் மத்தியில், உத்திர முனைகள் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தவில்லை, பதினாறில் ஒரு பங்கு இஞ்சு முதல் கால் இஞ்சு வரை விலகல் என்று மெக்லூர் எழுதினார். முடிந்தவரை நன்றாகச் செய்யுங்கள், பெரிய விஷயம் இல்லை என்று கூப்பர் பதில் போட்டார். ஆகஸ்ட் முதல் வாரத்தில் ஏழாம், எட்டாம் உத்திரங்கள் சேரும் இடத்தில் வளைவு. இந்தத் தடவை கூப்பர் சும்மா இருக்கவில்லை, இந்த வளைவு எப்படி வந்தது என்று தந்தி அடித்துக் கேட்டார். நல்ல கேள்விதான். ஆனால் அந்தக் கேள்வியிலிருந்துதான் எல்லாம் தடம் மாறியது என்று எனக்குத் தோன்றுகிறது.

ஏனென்றால் அதற்குப் பிறகு மூன்று வாரம் மூன்று ஊரும் இதையேதான் பேசிக்கொண்டிருந்தன. எப்படி வளைந்தது, எப்போது வளைந்தது, யார் வளைத்தார்கள். தூக்கும்போது எதிலாவது இடித்திருக்கும் என்றார் கூப்பர். தொழிற்சாலையிலிருந்து வரும்போதே அப்படித்தான் இருந்தது என்றார்கள் ஃபீனிக்ஸ் ஆட்கள். மெக்லூர் விசாரித்துப் பார்த்துவிட்டு ஆகஸ்ட் 12ஆம் தேதி எழுதினார்: வைக்கும்போது இந்த வளைவு இல்லை, பாரம் ஏறியதற்குப் பிறகுதான் வந்திருக்கிறது, இதில் எனக்கு ஓரளவு நிச்சயம் உண்டு என்று. மொத்தக் கடிதப் போக்குவரத்திலும் இதைவிட முக்கியமான வரி கிடையாது. பாரத்தில் வளைகிறது என்றால் பாரம் கூடக்கூட இன்னும் வளையும். ஆனால் அதை எழுதியவருக்கு வேலையில் மூன்று வருடம், மறுத்தவருக்கு நாற்பது வருடம். கூப்பர் தன் ஊகத்திலேயே நின்றார்.

இந்தப் பேச்சை நம்ம சைட்டில் கேட்காதவர் யாராவது உண்டா? சென்ட்ரிங்கில் (கான்கிரீட் காயும்வரை தாங்கும் பலகை, முட்டு அமைப்பு) முட்டு சாய்ந்திருக்கும், ‘அண்ணே, அந்த முட்டு சாயுற மாதிரி இருக்கு’ என்று ஒரு பையன் வந்து சொல்வான். ‘நேத்தே அப்படித்தான்டா இருந்துச்சு’ என்று பதில் வரும். நேற்று எவ்வளவு சாய்ந்திருந்தது, இன்றைக்கு எவ்வளவு என்று இரண்டு பேரிடமும் கணக்கு இருக்காது. நேற்றும் இருந்தது என்பதையே பாதுகாப்பானது என்பதற்கு ஆதாரமாக எடுத்துக்கொண்டு கான்கிரீட் ஏறும்.

சரி, கியூபெக்கில் கணக்கு இருந்தது, அதுதான் இன்னும் வயிற்றெரிச்சல். ஆகஸ்ட் 27, செவ்வாய்க்கிழமை காலை, மெக்லூருக்கு உதவியாக இருந்த கின்லாக் என்ற இன்ஸ்பெக்டர் பியரிலிருந்து கரைப்பக்கம் நீளும் பாலத்தின் கையில், பிரதான பியருக்கு அருகே இருந்த ஏ-9-எல் என்ற உத்திரம் கண்ணுக்குத் தெரிகிற அளவு வளைந்து நிற்பதைப் பார்த்தார். மெக்லூர் வந்து நூல் பிடித்து அளந்தார். 57 அடி நீள உத்திரத்தில் இரண்டேகால் இஞ்சு வளைவு. ஒரு வாரத்துக்கு முன்பு அதே இடத்தில் முக்கால் இஞ்சு. ஏழு நாளில் மூன்று மடங்கு.

பர்க்ஸ் ஒத்துக்கொள்ளவில்லை. இது பழைய வளைவு என்றார். அந்த உத்திரம் 1905இல் யார்டில் கீழே விழுந்து, பழுதுபார்க்கப்பட்டது என்ற ஒரு பழைய கதையும் கைவசம் இருந்தது, வசதியாகப் போய்விட்டது. பர்க்ஸ் பொய் சொல்லவில்லை, அவர் கணக்கை நம்பினார், கணக்குப்படி அந்த உத்திரத்துக்கு இன்னும் எவ்வளவோ தாங்கும் சக்தி பாக்கி இருந்தது. வியாழக்கிழமை அவரும் பாலத்தின் மேல்தான் இருந்தார். பிழைக்கவில்லை.

நிறுத்தினார்கள், திரும்ப ஆரம்பித்தார்கள்

செவ்வாய்க்கிழமையே போர்மேன் யென்சர் வேலையை நிறுத்துகிறேன் என்றார். மெக்லூர் கூப்பருக்கு எழுதிய கடிதத்தில், உங்களிடமிருந்தும் ஃபீனிக்ஸ்வில்லிடமிருந்தும் பதில் வரும்வரை வேலை தொடராது என்று போட்டார். மறுநாள் யென்சர் மனதை மாற்றிக்கொண்டார், வேலை தொடர்ந்தது, ஹோரும் அதற்குச் சம்மதம். ஹோர் பிறகு கூப்பருக்குச் சொன்ன காரணத்தைப் பாருங்கள்: வேலையை நிறுத்தினால் எல்லாருடைய மனத்தைரியமும் கெட்டுப்போகும், ஆட்கள் கலைந்து போனால் இந்த சீசனே போய்விடும்.

ஆட்கள் பயப்படுவார்கள் என்பதால் ஆட்களிடம் சொல்லாமல் இருந்தார்கள். இதை நான் எத்தனையோ இடத்தில் வேறு வேறு வார்த்தையில் கேட்டிருக்கிறேன், நீங்களும் கேட்டிருப்பீர்கள்: லேபருக்குத் தெரிந்தால் வேலைக்கு வரமாட்டான், பீதியைக் கிளப்பாதீர்கள், முதலில் மேலே பேசிக்கொள்வோம். பயப்பட நியாயம் இருக்கும்போது பயப்படுவதில் என்ன தப்பு?

இதில் இன்னொன்றும் கவனிக்கணும். வேலை நின்றுவிட்டது என்று கடிதம் சொல்கிறது, வேலை நடக்கிறது என்று பாலம் சொல்கிறது. நிலைமை மாறியதும், முன்னால் சொன்னது இப்போது செல்லாது என்று உடனே ஒரு தந்தி போயிருக்க வேண்டும். நிறுத்தம் பற்றி எழுதுகிற கை, தொடக்கம் பற்றி எழுதுவதில்லை. இன்றைய வாட்ஸ்அப் குழுவிலும் இதே வியாதிதான்: ‘கிரேன் ஸ்டாப்’ என்று காலையில் ஒரு மெசேஜ் இருக்கும், பதினொரு மணிக்குக் கிரேன் ஓடிக்கொண்டிருக்கும், யார் ஓட்டச் சொன்னார்கள் என்று குழுவில் தேடினால் ஒன்றும் இருக்காது.

அப்புறம் எடுத்த முடிவு, மெக்லூரை நேரில் நியூயார்க்குக்கு அனுப்புவது. ஒரு விஷயம் எவ்வளவு அவசரம் என்று அறிந்த ஒரே ஆளை ரயிலில் ஏற்றி ஒருநாள் அனுப்பிவிட்டார்கள். அவர் போய் விளக்கிச் சொல்லி, பெரியவர் முடிவெடுத்து, அது திரும்பி வரவேண்டும். தந்தி, தொலைபேசி எல்லாம் இருந்த காலம் அது. அவற்றில் நடந்த பேச்சும் உதவவில்லை: உத்திரங்கள் எங்கள் தொழிற்சாலையை விட்டு எப்படிக் கிளம்பினவோ அப்படியேதான் இருக்கின்றன, முழு பாரத்தைவிட ரொம்பக் குறைவுதான் இப்போது ஏறியிருக்கிறது என்கிற தொனியில்தான் டீன்ஸ் பக்கத்திலிருந்து ஹோருக்கு வியாழக்கிழமை செய்தி வந்தது. உத்திரத்தைப் பார்க்காத ஊரிலிருந்து, பார்த்துக்கொண்டிருக்கும் ஊருக்கு.

வியாழக்கிழமை

பகல் பதினொன்றரை வாக்கில் மெக்லூர் கூப்பரின் அலுவலகத்தில் இருக்கிறார். கூப்பருக்கு இரண்டே நிமிடத்தில் விஷயம் புரிந்துவிட்டது, இதை அவருக்கு நியாயமாகச் சொல்லத்தான் வேண்டும். உடனே தந்தி எழுதினார். எழுதிய விலாசம்தான் ஃபீனிக்ஸ்வில். உத்தரவு போட்டு நடத்துகிறவர்கள் அங்கேதானே இருக்கிறார்கள், அங்கே சொன்னால் காரியம் சீக்கிரம் நடக்கும் என்ற எண்ணம். நிர்வாகப் படிநிலைப்படி சரியான விலாசம். சைட்டுக்கும் ஒரு தந்தி மெக்லூர் அடிக்க வேண்டும் என்று பேச்சு. ஃபீனிக்ஸ்வில் ரயிலைப் பிடிக்கும் அவசரத்தில் அது போகவே இல்லை.

அன்று மத்தியானமே தந்தி ஃபீனிக்ஸ்வில் போய்ச் சேர்ந்துவிட்டது. அதைப் பார்த்தும் சைட்டுக்கு யாரும் தகவல் சொல்லவில்லை. ஐந்து மணி தாண்டி மெக்லூர் வந்ததும் டீன்ஸ், ஸ்லாப்கா, மெக்லூர் மூன்று பேரும் உட்கார்ந்து பேசினார்கள். பர்க்ஸிடமிருந்து ஒரு கடிதம் வரவேண்டியிருக்கிறது, அது வரட்டும், காலையில் முடிவு செய்வோம் என்று எழுந்தார்கள். அவர்கள் பேசிக்கொண்டிருந்த நேரத்துக்கு ஒட்டித்தான் பாலம் விழுந்தது.

அந்தத் தந்தியை இன்னொரு தடவை படியுங்கள். பாரம் ஏற்ற வேண்டாம் என்கிறது. ஆட்களை இறக்கு என்று சொல்லவில்லை. ஏன் என்று சொல்லவில்லை, ஏ-9-எல் என்ற பெயரே இல்லை, இரண்டேகால் இஞ்சு இல்லை. எப்போதிலிருந்து என்றும் இல்லை, ‘ஆராய்ந்து முடிக்கும்வரை’ என்ற சொல் ஒரு விவாதம் நடக்கப்போகிறது என்று படிப்பவரை நினைக்கவைக்கிறது, ஐந்து மணிக்கு ஆள் வருகிறார் என்ற வாக்கியம் ஐந்து மணிவரை பொறுக்கலாம் என்று ஆறுதல் சொல்கிறது. கிடைத்ததும் பதில் அடி என்றும் கேட்கவில்லை. எழுதியவர் மனதில் இருந்த பதற்றம் தாளில் ஏறவில்லை. டீன்ஸ் கெட்டவர் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம், ஆனால் இந்தத் தந்தியைக் கையில் வாங்குகிற பத்துப் பேரில் எட்டுப் பேர் மெக்லூர் வரட்டும் என்றுதான் உட்கார்ந்திருப்பார்கள்.

இன்னொரு கேள்வி. செவ்வாய் முதல் வியாழன் வரை போன இந்தச் செய்திகளில் எதுவாவது மேலே நின்ற 86 பேருக்கு எழுதப்பட்டதா? ஒன்றுகூட இல்லை. இன்ஜினியர் இன்ஜினியருக்கு எழுதினார், கம்பெனி கம்பெனிக்கு எழுதியது.

ஹோர் மாதிரி அனுபவம் இல்லாதவரைச் சீஃப் இன்ஜினியராக வைத்தது தவறு, அதனால் மேற்பார்வை எல்லாமே தளர்ந்து போனது என்று கமிஷன் எழுதியது. நான் அதை இப்படிப் படிக்கிறேன்: சைட்டில் நிறுத்தச் சொல்ல ஐந்தாறு பேர் இருந்தார்கள், நிறுத்தியதை நிறுத்தியபடியே வைத்திருக்கும் தெம்பு ஒருவருக்கும் கொடுக்கப்படவில்லை. யென்சர் நிறுத்தினார், ஆனால் ஒரு நாள்கூடத் தனியாக அந்த முடிவைச் சுமக்க அவரால் முடியவில்லை.

அறுபத்து மூன்று வருடம் கழித்து

1970 அக்டோபர் 15, ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன், வெஸ்ட் கேட் பாலம். இரண்டு பாதியாகச் செய்து மேலே தூக்கிச் சேர்க்கும் பெட்டி உத்திரத்தில், ஒரு பாதி மற்றதைவிட நாலரை இஞ்சு உயரம். சமன்செய்ய எட்டு டன் கான்கிரீட் கட்டிகள் பத்தை மேலே வைத்தார்கள். பிளேட் புடைத்துக்கொண்டது. ஒரு மாதத்துக்கு மேல் அந்தப் புடைப்பு எல்லார் கண்ணுக்கும் தெரிந்தே இருந்தது. கடைசியில் புடைப்பை அமுக்க போல்ட்டுகளைக் கழற்ற ஆரம்பித்தார்கள், பதினொன்று ஐம்பதுக்கு ஸ்பான் விழுந்தது, 35 பேர் இறந்தார்கள். தொழிலாளர்கள் உட்காரும் குடில்கள் நேர் கீழேயே இருந்தன, சிலர் அங்கேயே இறந்தார்கள். கன்சல்டன்ட்டுக்கும் கான்ட்ராக்டருக்கும் நடுவில் நம்பிக்கை செத்துப்போயிருந்ததை அந்த விசாரணைக் கமிஷனும் பக்கம் பக்கமாக எழுதியது. தந்திக் காலம் முடிந்தும் புடைப்பைப் பார்த்தவனுக்கும் முடிவெடுப்பவனுக்கும் நடுவில் இருந்த தூரம் குறையவில்லை.

கியூபெக் பாலத்தை அரசே எடுத்துப் புது டிசைனில், முன்னதைவிட ரொம்பக் கனமாகத் திரும்பக் கட்டியது. 1916 செப்டம்பரில் நடு ஸ்பானைத் தூக்கும்போது அது நழுவி ஆற்றில் விழுந்து 13 பேர் இறந்தார்கள், தூக்கும் கருவியில் ஒரு வார்ப்புத் துண்டு உடைந்ததுதான் காரணம். 1917இல் முடிந்தது, கேண்டிலீவர் (பியரிலிருந்து இரண்டு பக்கமும் கை நீட்டி நிற்கும்) வகையில் இன்றைக்கும் உலகிலேயே நீளமான ஸ்பான் அதுதான். கனடா இன்ஜினியர்கள் சுண்டுவிரலில் போடும் இரும்பு மோதிரம் விழுந்த பாலத்து இரும்பில் செய்தது என்று ஒரு கதை சுற்றுகிறது, அது வெறும் கதை.

இப்போது என்ன வைத்திருக்கிறோம்

பிரிட்டனில் 1970களின் தொடக்கத்தில் கான்கிரீட் காயும்வரை தாங்கும் சாரங்கள் வரிசையாகச் சரிந்ததும் ஒரு கமிட்டி போட்டார்கள், 1975இல் பிராக் அறிக்கை வந்தது, அதன் வழியில் 1982இல் ஒரு தரவிதி. அதில் எனக்குப் பிடித்த விஷயம் பாரம் ஏற்ற எழுத்து அனுமதி. தற்காலிக வேலைக்கென்று பெயர் சொல்லி ஒரு ஒருங்கிணைப்பாளர் இருப்பார், அவர் சாரத்தைப் போய்ப் பார்த்துக் கையெழுத்துப் போடாமல் ஒரு சட்டி கான்கிரீட்கூட மேலே ஏறக்கூடாது. இது தாள் வேலை மாதிரித் தோன்றும். ஆனால் கியூபெக்கில் இல்லாமல் போனது இதுதான்: வேலை தொடரவேண்டும் என்றால் ஒருவர் தன் பெயரைப் போட்டு ஆம் என்று சொல்லியாக வேண்டும். அங்கே தொடர்வதற்கு யாரும் எதுவும் சொல்லத் தேவைப்படவில்லை, நிறுத்தத்தான் மூன்று ஊர் சம்மதிக்க வேண்டியிருந்தது.

கிரேன் வேலையில் இன்னொரு நல்ல வழக்கம் உண்டு. சிக்னல் கொடுக்க ஒரே ஒரு ஆள், ஆபரேட்டர் வேறு யார் கையாட்டலையும் பார்க்கக்கூடாது. ஆனால் ‘நிறுத்து’ மட்டும் யார் காட்டினாலும் ஆபரேட்டர் நிறுத்தியாக வேண்டும், அது நேற்று வேலைக்கு வந்த சித்தாளாக இருந்தாலும். அமெரிக்காவின் 2010 கிரேன் விதிகளில் இது எழுத்திலேயே இருக்கிறது. தூக்கு, இறக்கு, திருப்பு எல்லாம் ஒருவர் வாயில், நிறுத்து எல்லார் கையிலும்.

நம்ம ஊரில் இதற்குச் சிக்கல் வேறு மாதிரி. சென்னையில் ஒரு சைட்டில் இன்ஜினியர் தமிழ், சூப்பர்வைசர் தெலுங்கு, கம்பி கட்டுகிறவர்கள் ஒடிசா, சென்ட்ரிங் ஆட்கள் பீகார். காலை டூல்பாக்ஸ் பேச்சு (வேலைக்கு முன்னால் நடக்கும் பாதுகாப்புப் பேச்சு) தமிழில் நடக்கும், எல்லாரும் தலையாட்டுவார்கள், கையெழுத்து நோட்டில் வரிசையாகப் பெருவிரல் ரேகை விழும். ஆபத்து ஒன்றைப் பார்த்தால் இவர்கள் யாரிடம் சொல்வார்கள்? தங்கள் குழுத் தலைவரிடம், அவர் மேஸ்திரியிடம், மேஸ்திரி சூப்பர்வைசரிடம். ஒவ்வொரு கையிலும் செய்தி கொஞ்சம் மெலியும்: ‘முட்டு மண்ணில் இறங்குது’ என்று கிளம்பியது ‘முட்டு கொஞ்சம் பார்க்கணுமாம்’ என்று வந்து சேரும். பேச்சு முடிந்ததும் புரிந்ததா என்று கேட்பதில் பிரயோஜனம் இல்லை, யாரும் புரியவில்லை என்று சொல்ல மாட்டார்கள். ஒரு ஆளைக் கூப்பிட்டு, முட்டு சாய்வதைப் பார்த்தால் நீ இப்போது என்ன செய்வாய், செய்து காட்டு என்று கேட்டால் தெரிந்துவிடும். கையை எப்படித் தூக்குவது, விசிலை எத்தனை தரம் ஊதுவது, எந்தப் பக்கம் ஓடுவது, இதற்கு மொழியே வேண்டாம்.

எழுத்தில் அனுப்பவேண்டியவர்களுக்கு, மெக்லூர் அன்றைக்குச் சைட்டுக்கு அடித்திருக்க வேண்டிய தந்தியை நான் இப்படி எழுதுவேன்: ‘யென்சர், ஹோர், பர்க்ஸ் மூவருக்கும். ஏ-9-எல் ஒரு வாரத்தில் முக்கால் இஞ்சிலிருந்து இரண்டேகால். பாலத்தில் இருக்கும் எல்லா ஆட்களையும் உடனே கரைக்கு இறக்கவும். கூப்பர் எழுத்தில் சொல்லும்வரை யாரும் ஏறக்கூடாது. இறக்கியதும் எத்தனை பேர் இறங்கினார்கள் என்று பதில் தந்தி தரவும்.’ இன்றைக்கு இது வாட்ஸ்அப்பில் ஒரு நிமிட வேலை. ஆனால் இரண்டு நீல டிக் வந்துவிட்டது என்று போனைப் பைக்குள் போடாதீர்கள், ‘நோட்டட் சார்’ என்று வந்தாலும் போடாதீர்கள். எத்தனை பேர் இறங்கினார்கள் என்ற எண் வரவேண்டும், அது வரவில்லை என்றால் போன் அடிக்கவேண்டும், போனை எடுக்கவில்லை என்றால் அடுத்த ஆளுக்கு, அவரும் எடுக்கவில்லை என்றால் கேட்டில் நிற்கும் செக்யூரிட்டிக்கு.